ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் ஒட்டுக்கேட்டேன்.

அடுத்த வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்டிருந்தால்கூட மனித சுபாவம் என்று சமாளித்திருக்கலாம். நான் கேட்டது ஜெபத்தை. அதுவும் என் சொந்த வீட்டு ஜெபத்தை. தோளில் ஜோல்னாப் பை, கையில் செருப்பு, ஐம்பத்து மூன்று வயது... சுவரோரம் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு, என் மனைவி கடவுளிடம் என்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

புதிதாக இந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. என் மனைவி எஸ்தர் அரசாங்க நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளைக் கொல்லிமலையில், திருப்புலி நாட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாற்றினார்கள். "எழுதுகிறவனுக்கு எந்த ஊராயிருந்தால் என்ன?" என்று மேடை மேடையாகப் பேசியவன் நான். அதை நம்பி, சேலத்து வீட்டைக் காலி செய்து, மகள் பெனிட்டாவையும் என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள். மேடையில் பேசுவதை மனைவிமார்களும் நம்புவார்கள் என்று யார் கண்டது?

எந்த ஊராயிருந்தால் என்ன என்பதற்குப் பதில் ஊருக்குள் வந்த பிறகுதான் தெரிந்தது. வீட்டில் போன் வெறும் கடிகாரம். இந்தப் பத்தியை அனுப்ப வேண்டுமென்றால் மிளகுக் கொடிகளுக்கு நடுவே மேடேறி, ஒரு பாறைமேல் நின்று, இரண்டு கையாலும் போனை வானத்துக்கு உயர்த்திக் காட்ட வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நான்தான் ஊரிலேயே பெரிய பக்திமான்.

இலக்கியக் கூட்டம் கிடையாது. "உங்க போன வாரக் கட்டுரை படிச்சேன் சார்" என்று டீக்கடையில் கையைப் பிடிக்க ஆள் கிடையாது. எங்காவது போகலாம் என்றால் எழுபது கொண்டை ஊசி வளைவு. இறங்குவதற்குள் போகிற ஆசையே போய்விடுகிறது.

களைத்துப் போனேன். சும்மா இருந்தே களைத்துப் போனேன் என்றால் நம்புவீர்களா?

ஆகவே, மாறுதல். நர்சுகளுக்கான இடமாறுதல் கவுன்சலிங் நெருங்கிக்கொண்டிருந்தது. மலையில் வேலை பார்த்தவள் என்பதால் எஸ்தர் கேட்டால் சேலம் பக்கமே கிடைத்துவிடும் என்று அவள் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவையை விட்டால் மறுபடி எப்போது என்று சொல்ல முடியாது. போவதா, இருப்பதா... எனக்கு அது ஒரு கேள்வியாகவே இல்லை.

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் உண்டு. ஒரே பாய். மூன்று பேரும் முட்டி போட்டு, ஆளுக்கொரு ஜெபம், மற்ற இரண்டு பேரும் ஆமென். நான் அப்படியொன்றும் ஆழ்ந்த விசுவாசி இல்லை. எஸ்தரின் விசுவாசத்தில் ஓசியில் தொற்றிக்கொண்டு போகிறவன். ஆனால் ஒரு மாதமாக என் ஜெபத்தில் திடீரென்று ஒரு உருக்கம் வந்திருந்தது. "ஆண்டவரே, இந்த மாறுதல் காரியத்தைத் தேவரீர் தயவாய் நினைத்தருளும்." கூரியர் ஆபீசுக்குப் போன் போட்டு 'எங்கே வந்திருக்கு, எங்கே வந்திருக்கு' என்று கேட்கிறவன் மாதிரி தினமும் கேட்டேன்.

எஸ்தர் ஒரு நாள்கூடத் தவறாமல் ஆமென் சொன்னாள். வீடே ஒருமனதாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கண்ணாடி மாற்ற நாமக்கல் போயிருந்தேன். திரும்பும்போது அடிவாரத்தில் காரவள்ளி தாண்டி பஸ் ஏற ஆரம்பித்ததுமே, மேலிருந்து மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு வந்த லாரி ஒரு வளைவில் திரும்ப முடியாமல் நின்றது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கிப்போய் லாரி டிரைவருக்கு வழி சொன்னோம். அதனால்தான் இன்னும் தாமதமானது என்று நினைக்கிறேன்.

வீடு வந்து சேர்ந்தபோது உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் விட்டால் வீட்டுக்காரர் சடையப்பனின் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். நடுவில் நுழைந்து தொந்தரவு செய்ய வேண்டாமே என்று நின்றேன். சத்தியமாக அவ்வளவுதான் நோக்கம்.

எஸ்தரின் ஜெபம் சர்ச் தமிழில் ஆரம்பிக்கும். மனசு இளகினால் கொங்குத் தமிழுக்கு வந்துவிடும். நான் நின்றபோது அது கொங்குக்கு வந்திருந்தது.

"அவரு தெனமும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கறாரே சாமி... அதைக் குடுத்துறாதீங்க."

சுவரோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டேன்.

"சேலத்துல மூணு பேரும் மூணு நேரத்துல சாப்பிட்டோம். அவரு ஊட்டுக்கு வந்தாலும் வராத மாதிரிதான். இங்க வந்துதான் பொழுது சாஞ்சா ஊட்ல இருக்காரு. போறதுக்கு எடமில்லாமத்தான் இருக்காரு, எனக்குத் தெரியுமுங்க... ஆனா இருக்காரு. பக்கத்துல உக்காந்து சாப்பிடறாரு. பாப்பா என்ன படிக்கறான்னு கேக்கறாரு. இந்த ஊர்ல டவர் இல்லாம வெச்சிருக்கீங்களே, அதுக்கே தெனமும் ஸ்தோத்திரம் சொல்றேன்."

சேலத்தில் ஒருமுறை, பெனிட்டா எந்த வகுப்பு என்று யாரோ கேட்டபோது நான் பதிலுக்காக பெனிட்டாவையே திரும்பிப் பார்த்தேன். அதை எஸ்தர் ஆண்டவரிடம் சொல்லவில்லை. பெரிய மனசு.

"போயித்தான் ஆகணும்னு அவரு ஒரே புடியா நின்னா நானும் கெளம்பிருவேன். சண்டை போட மாட்டேன். ஆனா அவருக்கே போகணும்னு தோணாம பண்ணிருங்க சாமி. அது ஒண்ணு போதும் எனக்கு."

"ஆமென்!" என்றது பெனிட்டாவின் குரல். என் ஜெபத்துக்கு அவள் ஒருநாளும் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம். சடையப்பன்.

"ஏனுங்க சார், சொந்த ஊட்டு வாசல்ல எதுக்குங்க இப்படி நிக்கறீங்க?"

"கால்ல முள்ளுங்கண்ணா."

"செருப்பக் கையில புடிச்சிட்டு நடந்தா முள்ளு குத்தாம என்னங்க பண்ணும்?" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

உள்ளே போனேன். "இப்பத்தான் வந்தீங்களா?" என்றாள் எஸ்தர். "இப்பத்தான்" என்றேன். சாமைச் சோறும் மிளகு ரசமும். கண்ணாடி எப்படி இருக்கிறது என்று பெனிட்டா கேட்டாள். எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்றேன்.

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் யாராவது சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் நேராகச் சொல்கிறோமா? 'உங்கப்பாகிட்ட சொல்லி வை' என்று பிள்ளை வழியாகப் போகும். சடையப்பன் வீட்டில் மாடு வழியாகப் போகிறது. காலையில் அவர் சம்சாரம் தண்ணி காட்டிக்கொண்டே, "ஆமா, இந்த ஊட்ல நாம சொன்னா யாரு கேக்கறா?" என்று எருமையிடம் கேட்பார். சடையப்பன் நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டு, கேட்காத மாதிரி மண்வெட்டியைத் தேடுவார். எங்கள் வீட்டில் ஆண்டவர் வழியாகப் போகிறது. 'இந்த வீட்டுத் தலைவருக்குப் பொறுமையைத் தாரும்' என்று எஸ்தர் ஜெபித்தால், காலையில் நான் காபிக்குக் கத்தியது பதிவாகிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் இது அந்த ரகம் இல்லை. இது என் காதில் விழுவதற்காகச் சொன்னது இல்லை. நான் இல்லாத நேரத்தில், எனக்குத் தெரியவே கூடாது என்று, எனக்காகக் கேட்டது. அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு ராத்திரியும் "தொண்டை சரியில்லை, நீங்க ரெண்டு பேரும் ஜெபிங்க" என்று நழுவினேன். வேறென்ன செய்ய? பழைய மனுவைப் படித்தால் அதற்கும் அவள் ஆமென் சொல்வாள். ஒரே பாயிலிருந்து இரண்டு மனு, ஒன்றுக்கொன்று நேர் எதிராக. ஆண்டவரையும் எத்தனை தடவைதான் சங்கடப்படுத்துவது? எஸ்தர் தொண்டையை நம்பிவிட்டாள். நர்ஸ் அல்லவா... மிளகும் சுக்கும் தட்டிப்போட்டு ஒரு கஷாயம். அரைச் செம்பு. பொய்க்கு அந்தக் காரம் தகும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாறைக்குப் போனேன். சேலத்து வீட்டு புரோக்கருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வாரமாகத் துரத்திக்கொண்டிருந்தார்.

"சார், அருமையான பிளாட் சார்! மூணு பெட்ரூம். மூணுலயும் அட்டாச்டு பாத்ரூம், மூணுலயும் டி.வி. பாயிண்ட். ஒருத்தர் வர்றதும் போறதும் இன்னொருத்தருக்குத் தெரியவே தெரியாது. வீட்ல ஆள் இருக்காங்களான்னே உங்களுக்குச் சந்தேகமாயிடும்னா பாத்துக்குங்க!"

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நானும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அட்வான்ஸை நீட்டியிருப்பேன். அன்றைக்கு ஏனோ கை நீளவில்லை. அந்த மூன்று அறைகளும் மூன்று மூடிய கதவுகளும் மனசில் வந்து நின்றன. ஒரு கதவுக்குப் பின்னால் நான், புகழ்பெற்ற எழுத்தாளன், தனியாக டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார்... லைன்ல இருக்கீங்களா?"

சிக்னல் போய்விட்டது. நான் போகவிட்டேன் என்று சொல்வதுதான் நேர்மை. போனை இறக்கினேன், அவ்வளவுதான். இருட்டிக்கொண்டு வந்தது. ஜெபத்துக்கு நேரமாகிவிட்டதே என்று பதறிப்போய் இறங்க ஆரம்பித்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

இதற்குப் பெயர்தான் மனநிறைவு என்றால், புத்தகங்களில் படித்த மாதிரி அது இல்லை. ஒளி எதுவும் தெரியவில்லை. நெஞ்சில் தேன் எதுவும் பாயவில்லை. வெகுநேரம் நின்றுகொண்டே வந்தவனுக்குப் பஸ்ஸில் ஒரு சீட் கிடைத்த மாதிரி இருந்தது. ஜன்னலோரம்கூட இல்லை. சக்கரத்துக்கு மேலே, கால் நீட்ட முடியாத சீட். ஆனாலும் சீட். உட்கார்ந்தபிறகுதான், எவ்வளவு நேரம் நின்றிருக்கிறோம் என்பதே தெரிகிறது.

அன்றைக்கு என் முறை வந்ததும் தொண்டை சரியாகிவிட்டது. வழக்கமாக என் ஜெபமும் பத்தி மாதிரிதான் இருக்கும். முன்னுரை, உருக்கம், கடைசியில் ஒரு நயமான வரி. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"ஆண்டவரே, ஒரு மாசமா ஒரு மனு போட்டுட்டிருந்தேன். அதை வாபஸ் வாங்கிக்கறேன். இங்கயே இருந்துக்கறோம். என் முட்டி வலியை மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க."

ஆமென் வரவில்லை.

காத்திருந்தேன். இன்னும் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். எஸ்தர் முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே இருந்தாள். தோள் மட்டும் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஆள்தான் பொறுமை இழந்தது.

"அம்மா, ஆமென் சொல்லுங்கம்மா. கால் மரத்துப்போச்சு."

சொன்னாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும்.

சாப்பிடும்போது ஒன்றும் தெரியாதவன் மாதிரி விசாரித்தேன். "உனக்கு இங்கயே இருக்கணும்னு இருந்துச்சா எஸ்தரு?"

"இருந்துச்சுங்க."

"அப்புறம் நான் மாறுதல் கேட்டப்பெல்லாம் ஆமென் சொன்னியே?"

"சொல்லாட்டி நீங்க முடிக்கவே மாட்டீங்களே... சோறு ஆறிப்போகுமுங்க" என்று இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

வாசலில் செருப்போடு நின்ற கதையை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அவள் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு தியாகம் செய்துவிட்டால் அதை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடிகிறதா? இந்த ஊரில் எனக்கு நாலு பேர் இல்லை. சடையப்பன் ஒருவர்தான். மறுநாள் காலை களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்சம் கனமான குரலில் அறிவித்தேன்.

"அண்ணா, சேலம் போகலைங்க. யோசிச்சுப் பாத்தேன். நாங்க இங்கயேதான் இருக்கப் போறோம்."

மிளகைத் துழாவிக்கொண்டிருந்த கை நின்றது. நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நர்சம்மாவும் பாப்பாவும் இருப்பாங்கன்னு தெரியுமுங்க... நீங்களுமாங்க?"