நாக்கு கிழியாத ரோல்

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கை வரை ஒரு கறுப்புப் பைக்குள் விட்டுக்கொண்டு, கண்களை இறுக மூடியிருக்கிறார். பைக்குள் என்னவோ சரசரக்கிறது. பக்கத்தில் போன் அடிக்கிறது. எடுக்கக் கை இல்லை. "யாருன்னு பாரேன். லிப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சுன்னா இதோ வந்துட்டேன்னு சொல்லு. வேற எதுன்னாலும் ஆளே இல்லைன்னு சொல்லு" என்கிறார், கண்ணைத் திறக்காமலே. மனைவி போனை எடுத்து, "இருக்காருங்க. ஆனா ரெண்டு கையையும் பைக்குள்ள தொலைச்சுட்டுத் தேடிட்டிருக்காரு" என்று அப்படியே போட்டுக் கொடுக்கிறார்.

பைக்குள் நடப்பது பிலிம் சுருளைக் கழுவும் டப்பாவுக்கு மாற்றும் வேலை. வெளிச்சம் ஒரு துளி பட்டாலும் எடுத்த படமெல்லாம் போயே போச்சு. பை கடையில் வாங்கியதல்ல. பழைய யூனிபார்ம் கோட்டுகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகத் தைத்து, கழுத்தை மூடி, கைகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். பைக்குள்தானே இருட்டு வேண்டும், கண்ணை எதற்கு மூட வேண்டும் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "கண்ணு தெறந்திருந்தா கை சோம்பேறி ஆயிரும்ங்க. மூடிட்டா வேற வழியில்லாம அதுவே பாத்துக்கும்."

லிப்ட் மெக்கானிக். ஐம்பது தாண்டியாயிற்று. அடுக்குமாடிகளின் உச்சியில், மோட்டாரும் சக்கரமும் உறுமிக்கொண்டிருக்கும் சின்ன அறைகளில்தான் பாதி வாழ்நாள் போயிருக்கிறது. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் முப்பத்தாறு. ஒரு ரோலில் முப்பத்தாறு படம்தான் என்பதை மனுஷன் அத்தனை முறை சொல்லியிருக்கிறார். மரியாதை தெரிந்தவர்கள் முப்பத்தாறார் என்பார்கள். படம் எடுக்கும் விதமும் பெயருக்கு ஏற்றதுதான். கேமராவைத் தூக்குவார், இறக்குவார், மறுபடி தூக்குவார், யோசிப்பார், இறக்குவார். ஒரு கட்டடத்து வாட்ச்மேன் பொறுக்கமாட்டாமல், "அண்ணே, படம் எடுக்கறீங்களா, அதை எடை போடறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

இந்தப் பைத்தியம் பிடித்த கதையும் கேட்க வேண்டியதுதான். மூன்று வருஷத்துக்கு முன் கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன், ஒரு பழைய மோட்டாரின் படம் வேண்டும் என்று கேட்டார். எடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. போனில் தேடினார். சாப்பாட்டு நேரம் முழுக்கத் தேடியும் ஆயிரக்கணக்கான படங்களுக்குள் அது அகப்படவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்த பிறகு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பதுதான் அவருக்கு உறைத்தது. கல்யாணத்துக்கு முன்பு சிநேகிதன் ஒருவனிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றியவர். அந்த நினைப்போடு வீடு திரும்புகிற வழியில், கடிகாரம் பழுது பார்க்கிற கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய கேமரா உட்கார்ந்திருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரிதான்.

அன்றிலிருந்து குளியலறை அவருடையது. மற்றவர்கள் விருந்தாளிகள். துணி உலர்த்தும் கொடியில் கிளிப் மாட்டிய பிலிம் நீளநீளமாகத் தொங்கும். பழைய லிப்டிலிருந்து கழற்றிய கூரை விளக்குப் பலகையை மேசையில் படுக்க வைத்து, அதன்மேல் பிலிமைப் பரப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தாரென்றால் காபி ஆறிவிடும்.

படத்தோடு நிற்பதில்லை. புத்தகம் போடுகிறார். ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வாங்கி, தடித்த தாளில் ஒட்டி, தைத்து, அட்டை போடுகிறார். லிப்ட் பட்டன்களுக்கு ஒரு புத்தகம் உண்டு. எந்த மாடியின் எண் அதிகம் தேய்ந்திருக்கிறது என்பதை அதில் பார்க்கலாம். லிப்டில் மாட்டி வெளியே வந்தவர்களிடம் அனுமதி கேட்டு எடுத்த முகங்களுக்கு ஒன்று. அதில் ஒருவர் அழுகிறார், ஒருவர் திட்டுகிறார், ஒரு ஜோடி மட்டும் ஏன் கதவைத் திறந்தீர்கள் என்பது போல் பார்க்கிறது. எடை போடுகிறீர்களா என்று கேட்ட வாட்ச்மேனுக்கும் அவர் நாற்காலியை வைத்து ஒன்று போட்டுக் கொடுத்தார். எதிலும் ஒரே பிரதிதான். அது சம்பந்தப்பட்டவருக்கே போய்விடும். "ரெண்டு போட்டா அது சரக்குங்க. ஒண்ணு போட்டாத்தான் உறவு."

எல்லோருக்கும் புத்தகம் போட்டவர் வீட்டில் இருக்கிறவருக்குப் போடவில்லை. காரணம் முப்பத்தாறார் இல்லை.

மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பக்கத்து சீட்டில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருப்பதால் ஊரில் அவருக்குப் பெயர் பிரேக் டீச்சர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் பல் தேய்க்கும்போது வாயிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. முகவாதம். மருந்திலும் பயிற்சியிலும் முக்கால்வாசி சரியாயிற்று. மிச்சம் நின்றுவிட்டது. சிரித்தால் வாய் ஒரு பக்கமாக மட்டும் ஏறும். ஒரு கண் மூடும், இன்னொன்று பாதியில் நிற்கும். காரில் நல்ல பக்கம் ஓட்டுகிறவருக்கும் மற்றது சன்னலுக்குமாக அமைந்துபோனது அவருக்குப் பெரிய சௌகரியம். எந்த விசேஷ வீட்டிலும் குரூப் போட்டோ என்றால், "நான் எடுக்கறேன், நீங்கல்லாம் நில்லுங்க" என்று போனை வாங்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுவார்.

முப்பத்தாறாருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். பழையதைவிடப் பிடிக்கும் என்றுகூடச் சொல்லலாம். சொல்லியும் பார்த்தார். "கட்டின பாவத்துக்கு வேற என்னத்த சொல்லுவீங்க?" என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார் டீச்சர். தன் வாய்க்கு மதிப்பில்லை என்று தெரிந்த பிறகுதான் புத்தகம் போட வேண்டும் என்ற ஆசை வந்தது. அவளே பார்க்கட்டும், பார்த்தால் தெரியும் என்பது கணக்கு. மாதக்கணக்கில் கெஞ்சினார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் இறங்கி வந்தார். "போன்ல எடுத்தா ஊர் சுத்தும். இது வீட்டோட கெடக்கும்கறதால ஒத்துக்கறேன். ஒரே ரோல்தான். இனிமே கேக்கவே கூடாது. புக்கைப் பாத்துட்டு கிழிக்கணும்னு தோணுச்சுன்னா கிழிப்பேன்."

அன்று முழுக்க முப்பத்தாறார் வீட்டுக்குள்ளேயே வேட்டையாடினார். முதல் பத்துப் படத்தில் டீச்சர் லைசென்ஸுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தார். பிறகு துணி மடித்தார், செடிக்குத் தண்ணீர் விட்டார், யாரிடமோ போனில் கிளட்ச்சைப் பற்றிச் சண்டை போட்டார். சாயங்காலம் அவரைச் சன்னலோரத்தில் பிடிக்கிற அவசரத்தில் பின்னால் நடந்துகொண்டே போன முப்பத்தாறார், அழுக்குத் துணிக் கூடைக்குள் உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. டீச்சர் வெடித்துச் சிரித்தார். கூடைக்குள் இருந்தபடியே மிச்சப் படங்களையும் எடுத்து முடித்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முடிந்த பிலிமை டப்பிக்குள் திருப்பிச் சுற்றும்போது அவர் முழுசாக உள்ளே விடமாட்டார். கேமராவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே சுற்றி, நுனி மட்டும் வெளியே நீட்டியபடி நிறுத்துவார். கழுவும்போது வசதி. அந்த நுனிக்குப் பெயர் நாக்கு. புது ரோலுக்கும் நாக்கு நீட்டிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், முடிந்ததன் நாக்கை உடனே கிழித்துவிடுவார். "நாக்கு கிழிஞ்சிருந்தா, பேச வேண்டியதெல்லாம் பேசியாச்சுன்னு அர்த்தம்."

அன்று ரோலை வெளியே எடுத்த நேரத்தில் போன் வந்தது. லிப்டுக்குள் ஒரு கர்ப்பிணிப் பெண். ரோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். நாக்கைக் கிழிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு கட்டடத்தின் உச்சியறையில் சக்கரங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தொன்று ஆகியிருந்தது. அடுத்த ரோல் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும் என்று கருவிப் பைக்குள் கைவிட்டார். காலையில் போட்டதாக நினைத்த புது ரோல், உறை பிரிக்காமல் உள்ளே இருந்தது. அப்படியானால் கேமராவுக்குள் இருப்பது எது? ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த அதே சட்டையின் பையைத் தடவிப் பார்த்தார். காலி. நாக்கு கிழியாததைப் புதுசென்று மாட்டி, மனைவியின் முகத்தின்மேலேயே சக்கரங்களை எடுத்திருக்கிறார்.

"போன்ல எடுத்திருந்தா இந்த வம்பே இல்லல்ல?" என்றார் கூட வந்திருந்த எலக்ட்ரீஷியன். முப்பத்தாறார் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி கேட்கவே கூடாது என்ற வார்த்தைதான் காதில் நின்றது.

கழுவிப் பார்த்தால் எதிர்பார்த்ததுதான். டீச்சரின் கன்னத்தில் கம்பி வடங்கள் ஓடின. நெற்றியில் எச்சரிக்கைப் பலகை. பல படங்களில் பெரிய சக்கரம் ஒன்று சரியாக வாயின்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. கடைசி ஐந்து மட்டும் தப்பித்திருந்தன. அந்த ஐந்தும் கூடைச் சிரிப்பு. ஒளிவு மறைவில்லாத முழு முகம்.

இங்கேதான் அவர் பயந்துவிட்டார். அந்த ஐந்தைக் காட்டினால் டீச்சர் கிழித்துப் போடுவார், அதோடு புத்தகமும் போய்விடும், பேச்சும் போய்விடும் என்று பட்டது. சக்கரம் மறைத்த படங்களை மட்டும் வைத்துப் புத்தகம் தைத்தார். ஐந்தையும் ஒரு கவரில் போட்டு அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் தள்ளினார். எதைக் காட்ட வேண்டும் என்று மாதக்கணக்கில் கெஞ்சினாரோ அதையே ஒளித்து வைத்தோம் என்று அவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

புத்தகத்தைக் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னார். டீச்சர் கோபப்படவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஓரிடத்தில் சிரிப்புக்கூட வந்தது.

"இந்தச் சக்கரம் நல்லாத்தான் எடம் பாத்து உக்காந்திருக்கு. வாயே தெரியல."

"ஆமா... பாக்கறதுக்கும் ஒரு மாதிரி நல்லாத்தானே இருக்கு?"

டீச்சர் கடைசிப் பக்கம் வரை போனார். பிறகு முதலிலிருந்து விரலை வைத்து எண்ணினார். "உங்களுக்கு முப்பத்தாறுன்னு ஊரே பேர் வெச்சிருக்கு. மிச்சம் எங்கங்க?"

முப்பத்தாறார் கையைப் பிசைந்தார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. அலமாரிக்குப் போய்க் கவரை எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டு, தள்ளி நின்றார்.

டீச்சர் ஐந்தையும் வரிசையாகப் பரப்பினார். வெகுநேரம் பார்த்தார். ஒன்றை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இப்படியா சிரிக்கிறேன்?"

"இப்படித்தான்."

"இதையா ரெண்டு வருஷமா பாத்துட்டிருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தான் பாத்துட்டிருக்கேன். அதான் வருத்தம்."

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். புத்தகத்தை மூடி, வெறும் அட்டை மேலே தெரிகிற மாதிரி தன் பக்கம் திருப்பிவைத்தார். "கோந்து எங்க?" என்றார். கையிலிருந்த படத்தின் முதுகில் தானே தடவினார். அட்டைக்கு நடுவில் வைத்து, கோணலாகிவிடாமல் ஓரங்களைச் சரி செய்தார்.

"காயறதுக்குள்ள சுருங்கிரும், இரு, மேல ஏதாவது கனமா வைக்கணும்" என்று முப்பத்தாறார் அடுத்த அறைக்கு ஓடினார். எதையெதையோ தூக்கிப் பார்த்து, ஒன்றும் சரிப்படாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தார். டீச்சர் நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தின்மேல் தன் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தார். கோந்து காய்ந்த பிறகும் எடுக்கவில்லை.