செவ்வாய்க்கு வந்த மண்

விண்வெளி உடுப்புக்காக நாங்கள் எங்கும் அலையவில்லை. ஓசூரில் வண்டிக் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் நாடகக் குழுவில் இருந்தால், தலைமுதல் கால்வரை மூடுகிற வெள்ளை அங்கி தானாக வந்துவிடும். அதைப் போட்டுக்கொண்டு ஞாயிறுதோறும் ஒத்திகை என்று ஜூஜுவாடியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் வெந்து சாவோம்.

கதை இதுதான். வெயிலும் வறட்சியும் முற்றி, பூமி வாழ லாயக்கில்லாமல் போகிறது. மிச்சமிருப்பவர்கள் ராக்கெட் ஏறிச் செவ்வாய்க்குப் போகிறார்கள். ஒருத்தி மட்டும் ஏற மறுக்கிறாள்.

அந்த ஒருத்தியாக நடித்தவள் எங்கள் கம்பெனியின் ஒப்பந்தத் தொழிலாளி. சூளகிரிப் பக்கத்து இருளர் பெண். இயக்குநர் எழுதிக் கொடுத்த வசனத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பூமித்தாய், பச்சைப் புடவை என்று பக்கம் பக்கமாக இருந்தது. எனக்கும் அது குமட்டிக்கொண்டுதான் வந்தது.

“எங்க ஆளுங்க இப்பிடிப் பேச மாட்டாங்க சார். எங்கம்மா மண்ணுக்குள்ள கெடக்குது, அத உட்டுட்டு நான் எங்க வர்றது? இத மட்டும் சொல்றேன்.”

அது நடிப்புக்காகச் சொன்னதில்லை. போன வருடம்தான் அம்மாவை ஏரிக்கரை மேட்டில் புதைத்திருந்தாள். அவர்கள் வழக்கப்படி தலைமாட்டில் ஒரு கல் நட்டிருந்தது. சுற்றியிருந்த நிலமெல்லாம் புதிய தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மேட்டைத் தொட மாட்டோம் என்று நிலம் அளக்க வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். வெறும் வாய்வார்த்தையை நம்புகிறாயே என்று நான் எரிந்து விழுவேன்.

“வேற எத நம்பறதுண்ணா?” என்பாள்.

நாடகத்தன்று மேடையில் பரப்ப இயக்குநர் ஒரு டிப்பர் செம்மண் சொல்லியிருந்தார். செவ்வாய் என்றால் சிவப்பாக இருக்க வேண்டுமே. மண் கொட்டியதும் பரப்பிவிட்டு, அங்கியும் பூட்ஸுமாக அதன்மேல் மெல்லத் துள்ளித் துள்ளி நடந்து பார்த்தோம். சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவள் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு டிப்பர் டிரைவரிடம் கேட்டாள்.

“எங்கேருந்துண்ணா எடுத்தாந்தீங்க?”

“சூளகிரிக்கு அந்தாண்ட, ஏரிக்கரை மேடு. காலைலேருந்து ஜேசிபி உட்டு சமன் பண்றாங்கம்மா. நல்ல மண்ணு.”

“கல்லு இருந்துச்சா?”

“நெறைய நட்டு வெச்சிருந்துச்சு. எதுக்குன்னு தெரியல. ஓரமா தள்ளிட்டாங்க.”

அவள் அழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மேடையோரம் உட்கார்ந்தாள். நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். இறங்க வேண்டுமென்றால் அந்த மண்ணை மறுபடி மிதிக்க வேண்டும். எனக்கு என் கால்கள்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“இதுல எங்கம்மா எதுண்ணா?” என்று என்னைக் கேட்டாள்.

நாடகம் நடக்கவில்லை. மைக்கில் இயக்குநர் ஏதோ காரணம் சொன்னார், கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. அவளுடைய குடியிருப்புக்குப் பின்னால் குழி வெட்டி மண் முழுவதையும் புதைப்பதென்று முடிவாயிற்று. டிப்பரைத் திரும்ப வரச் சொல்லிவிட்டு மண்ணை அள்ள ஆரம்பித்தோம். எது அம்மா என்று தெரியாததால் ஒரு பிடியைக்கூட விட முடியவில்லை. பலகை இடுக்குகளைத் துடைப்பத்தால் பெருக்கினோம். கடைசியில் வரிசையாக உட்கார்ந்து, பூட்ஸின் அடியில் ஒட்டியிருந்ததையும் சுரண்டி அவளுடைய முந்தானையில் போட்டோம்.