செல்லப்பனின் பாலமும் நாற்பதடிப் பாதையும்

மலாய் நாட்டில் லாபிஸ் பக்கம் டிரெக்டர் ஓட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய டிரைலரைப் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போய், இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் மட்டும் மிச்சமிருக்கும் பாலத்தில் ஏற்றி இறக்கத் தெரிந்தவர் செல்லப்பன் ஒருவர்தான். இதைச் செல்லப்பனே சொல்லுவார். அடுத்தவன் வந்து புகழட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் அவரிடம் கிடையாது. காத்திருந்தால் எத்தனை வருடம் ஆகும்?

படிப்பு என்று பார்த்தால் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பதினாலு வயதில் புல்வெட்டு. இருபத்திரண்டில் டிரெக்டர் சாவி கைக்கு வந்தது. நாற்பது வயதில், தோட்டத்து ஆட்கள் இன்னும் கம்பெனி கொடுத்த லயத்து வரிசை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் மண் வாங்கினார். தனியாக அல்ல. கனகராஜ், செல்வராணியின் கணவர், இவர் என மூன்று பேர் சேர்ந்து ஆறு ஏக்கர் செம்பனைக் காடு. ஒரே கிராண்டு, அதாவது ஒரே நிலப்பத்திரம், அதில் மூன்று பெயர்.

ஆறு ஏக்கரை மூன்றாகப் பிரிக்க அன்றைக்கு அவர்கள் யாரையும் கூப்பிடவில்லை. தோட்டத்தில் ஆளுக்கு வேலை பிரிப்பது நிரை எண்ணித்தான். அதே பழக்கத்தில் ரோட்டோரத்திலிருந்து மர வரிசையை எண்ணினார்கள். முதல் பதினொரு நிரை ஒருவருக்கு, நடுப் பதினொன்று ஒருவருக்கு, பின்னால் இருக்கும் பதினொன்று ஒருவருக்கு. யார் பின்னால் போவது என்று பேச்சு வந்தபோது செல்லப்பன் நெஞ்சை நிமிர்த்தினார்.

“என்கிட்ட டிரெக்டர் இருக்கு. நான் பின்னால போறேன். நீங்க ரெண்டு பேரும் முன்னால இருந்துக்குங்க.”

கனகராஜ் முன்னால் போனார். செல்வராணி குடும்பம் நடுவில். அன்றிலிருந்து இருபத்தெட்டு வருடம் செல்லப்பனின் டிரெக்டர் மற்ற இருவரின் மரங்களுக்கு இடையே, நிரைகள் முடியும் ஓரமாகப் போய் வந்துகொண்டிருந்தது. தடம் கல்போல இறுகிவிட்டது. அது பாதையா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவனுக்குப் பாதை என்றால் தடம்தான். அது யாருடைய மண்ணில் போகிறது என்பது கம்பெனிக்காரன் கவலை.

அறுபத்தெட்டு வயதில் செல்லப்பனுக்கு ஓர் ஆசை வந்தது. லயத்தில் பிறந்தார், லயத்தில் கல்யாணம் செய்தார், பிறகு வாடகை வீட்டுக்குப் போனார். தன் இரண்டு ஏக்கரில் தன் பெயர் மட்டும் இருக்கும் கிராண்டு வேண்டும். அதன் மேல் ஒரு கல்வீடு கட்ட வேண்டும். மூன்று பெயர் இருக்கும் வரை ஒரு செங்கல் வைக்கவும் மற்ற இருவரின் கையெழுத்து தேவைப்பட்டது. சிகாமட்டிலிருந்து ரவீந்திரன் என்ற சர்வேயரைப் பிடித்து, நிலத்தைப் பிரிக்கச் சொல்லி நில அலுவலகத்தில் மனுப் போட்டார்.

நான்கு மாதத்தில் பதில் வந்தது. ரவீந்திரன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

“அங்கிள், உங்க பங்குக்கு வர லாட்டுக்குப் பாதை இல்லன்னு எழுதியிருக்காங்க. நடு லாட்டுக்கும் இல்ல. பாதை இல்லாத லாட்டைப் பிரிச்சுக் குடுக்க மாட்டாங்க. அதுதான் சட்டம்.”

“என்னது பாதை இல்லையா? இருபத்தெட்டு வருஷமா நான் என்ன ஆகாசத்துலயா டிரெக்டர் ஓட்டுனேன்?”

“தடம் இருக்கு. பிளான்ல கோடு இல்ல, அங்கிள். முன் ரெண்டு லாட்டோட ஓரமா நாற்பதடி விட்டு, அதைச் சர்க்காருக்கு எழுதிக் குடுக்கணும். அப்பத்தான் அது ரோடு. மூணு பேரும் கையெழுத்துப் போடணும். அடுத்த மாசம் அதிகாரி இடம் பார்க்க வராங்க. அன்னிக்கு ஒத்துக்கலன்னா ஃபைலை மூடிருவாங்க.”

செல்லப்பன் அன்று மாலையே மோட்டார் சைக்கிளை எடுத்தார். கணவர் போன பிறகு நடுப் பங்கு செல்வராணி பெயருக்கு வந்திருந்தது; அவர் வாசலிலேயே சரி என்றுவிட்டார். “எனக்கும்தானே பாதை இல்ல. எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க, போடுறேன்.”

கனகராஜ் வீட்டில் கதை வேறு. அவர் காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டே கேட்டார்.

“நாற்பதடியா? ஒவ்வொரு நிரையிலயும் கடைசி மரம் போயிரும். பதினொரு மரம், அண்ணே. எல்லாம் நல்லாக் காய்க்கிற மரம்.”

“போற மண்ணு மூணு பேருக்கும் சமமாக் குறையுற மாதிரி எல்லைக் கோட்டைப் பின்னால தள்ளிக்கலாம். என் மண்ணுலருந்து உனக்குச் சேரும். நான் தரேன்.”

“பின்னால மண்ணை வச்சு நான் என்ன பண்ண? நெஞ்சைத் தட்டிக்கிட்டுப் பின்னால போனது யாரு, நானா? நான் ரோட்டு மேலயே உக்காந்திருக்கேன். எனக்கு எதுக்குண்ணே ரோடு? ஹெலிகாப்டர் வாங்கிக்குங்க லா!”

வீட்டுக்குள் யாரோ சிரித்தார்கள். செல்லப்பன் காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தார். அவருக்கு அப்படி ஒரு நாள் வாழ்க்கையில் வந்ததில்லை. மனைவி ராசம்மா சோறு போட்டுவிட்டு, “கையெழுத்துப் போட்டாரா?” என்று கேட்டதும் தட்டைத் தள்ளிவிட்டுப் படுக்கப் போனார். செல்லப்பன் சாப்பிடாமல் படுத்தால் அந்த வீட்டில் அது பெரிய செய்தி.

மறுநாள் காலை ரவீந்திரனின் பிளானை மேசையில் விரித்துப் போட்டு உட்கார்ந்தார். மலாய் எழுத்து முழுசாக ஓடாது. ஆனால் மண் அவருக்குத் தெரியும். விரல் ரோட்டிலிருந்து கிளம்பி, கனகராஜின் லாட்டுக்குள் நுழையும் முன் நின்றது. இரண்டு கோடுகள், அவற்றுக்கு நடுவே ஒரு பட்டை.

“தம்பி, இது என்ன?” என்று ரவீந்திரனுக்குப் போன் போட்டார். “ரோட்டுக்கும் கனகராஜு லாட்டுக்கும் நடுவுல?”

“அது பாரிட், அங்கிள். பெரிய வாய்க்கால் இருக்கே, அது. வடிகால் இலாகாவோட நிலம்.”

செல்லப்பன் போனை வைத்தார். பிறகு சிரித்த சிரிப்பில் ராசம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

“என் பழைய கடுதாசியெல்லாம் எங்க, ராசு?”

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் டிரெக்டர்காரன் கையில் சிட்டு என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. எண்ணெய்க்குச் சிட்டு, உரத்துக்குச் சிட்டு, மணலுக்குச் சிட்டு. அந்தப் பழக்கம் செல்லப்பனின் இரத்தத்தில் ஊறியது. மண் வாங்கிய வருடமே அந்த வாய்க்கால் மீது, காட்டுக்குள் டிரெக்டர் போகத் தன் செலவில் சிமெண்டுக் குழாய் இறக்கிப் பாலம் போட்டபோது, வடிகால் இலாகாவுக்கு ஐந்து முறை நடந்து, முத்திரை குத்திய சூராட்டு, அதாவது அனுமதிக் கடிதம், வாங்கி வந்தார். அன்றைக்கு ஊரே சிரித்தது. கனகராஜ்தான் முதலில் சிரித்தார்: “மூணு குழாய்க்கும் ஒரு லாரி மண்ணுக்கும் சூராட்டா? மந்திரி வந்து திறந்து வைப்பாரா அண்ணே?”

கடிதம் ராசம்மாவின் பட்டுச் சேலைகளுக்கு அடியில் இருந்தது. பூச்சி உருண்டை வாசனையோடு.

அதிகாரி வந்த நாள் வெயில் பளீரென்று அடித்தது. தொப்பி போட்ட இளம் மலாய்ப் பெண். ஊழியர்கள் அவரை மரியாதையாகப் புவான் என்றார்கள். கனகராஜ் சலவைச் சட்டையோடு முன்னால் நின்றார். புவான் முதலில் அவரிடம்தான் கேட்டார்.

“உங்கள் லாட்டுக்கு எந்த வழியாக நுழைகிறீர்கள்?”

கனகராஜ் ரோட்டைக் காட்டினார். “இதோ, புவான். ரோட்டு மேலேயே இருக்கிறேன்.”

புவான் வாய்க்காலை எட்டிப் பார்த்தார். அதில் தண்ணீர் கறுப்பாக ஓடியது. “இது வாய்க்கால் நிலம். இதை எப்படித் தாண்டுகிறீர்கள்?”

“பாலம் இருக்கிறதே.”

“யார் பாலம்? அனுமதி இருக்கிறதா?”

கனகராஜ் பாலத்தையும் செல்லப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். செல்லப்பன் அதுவரை டிரெக்டரின் பின் டயரில் சாய்ந்து நின்றிருந்தார். அவசரப்படவே இல்லை. மெல்ல வந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து கடிதத்தை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

புவான் படித்தார். முத்திரையைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். “அலமாக்!” என்று வியந்தார். “பாக்சீக், பெரியவரே, இதை இத்தனை வருடம் வைத்திருந்தீர்களா? இப்போது யாராவது வந்து இங்கே பாலம் கேட்டால் கிடைக்காது. ரோடு இங்கே வளைகிறது. வளைவில் புது நுழைவாயில் கொடுப்பதில்லை.” கனகராஜின் பக்கம் திரும்பினார். “அப்படியானால் உங்கள் லாட்டுக்கும் பாதை இல்லை. இந்தப் பாலம் ஒன்றுதான் மூன்று பேருக்கும் வாசல்.”

செல்வராணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

செல்லப்பன் கனகராஜின் அருகில் போனார். ஊர் முழுக்கக் கேட்கும் குரல் அவருடையது. அன்றைக்கும் அதைக் குறைக்கவில்லை.

“என்ன கனகு, ஹெலிகாப்டர் ரெண்டா வாங்கலாமா? ஒண்ணா வாங்குனா வெல குறைப்பான்.”

கனகராஜ் தலையைச் சொறிந்தார். “அண்ணே... புவான் முன்னால வேணாம்ண்ணே.”

“பாலம் என்னுது. ஓரத்து மரம் உன்னுது. ஒண்ணு இல்லாம ஒண்ணு நடக்காது. அன்னிக்குச் சொன்ன கணக்கு இன்னிக்கும் அதேதான். போற மண்ணுக்குப் பின்னால உனக்கு மண்ணு. ஒரு அடிகூடக் குறைக்க மாட்டேன். போடு கையெழுத்தை.”

கனகராஜ் டிரெக்டரின் மட்கார்டில் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். செல்வராணி போட்டார். கடைசியாகச் செல்லப்பன். அவர் கையெழுத்து எப்போதும் பெரிது. அன்று கோட்டைத் தாண்டி வெளியே போனது.

ரவீந்திரன் கருவியை நிறுத்தி நாற்பதடி அளக்கும் முன், செல்லப்பன் டிரெக்டரையும் டிரைலரையும் பாலத்திலிருந்து ஒரு முறை பின்பக்கமாகத் தள்ளி, டயர் திரும்பும் இடத்தில் ஒரு குச்சியை நட்டார். “இங்கதான் வரும், பாரு.” சர்வேயர் முளை அந்தக் குச்சிக்கு ஒரு கையகலம் தள்ளி இறங்கியது. அந்தக் கையகலம் கருவியின் தப்பு என்று செல்லப்பன் இன்றைக்கும் சொல்லுவார்.

கனகராஜின் பதினொன்று, செல்வராணியின் பதினொன்று என இருபத்திரண்டு மரம் சாய்ந்தது. செம்மண்ணும் கல்லும் கொட்டி நிரவினார்கள். ஒன்றரை வருடத்தில் மூன்று கிராண்டும் வந்தன. வாங்க ராசம்மாவையும் சலவைச் சேலை கட்டச் சொல்லி அழைத்துப் போனார். நில அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண் பெயரைப் படித்தாள். “இன்னொரு தடவை படிம்மா,” என்றார். படித்தாள். அதற்கு முன்னும் பின்னும் வேறு பெயர் இல்லை.

கல்வீட்டுக்கு வாசக்கால் வைத்த அன்று செம்பனைப் பழம் ஏற்றும் பெரிய லாரி முதல் தடவையாகப் பின் லாட்டு வரைக்கும் வந்து, திரும்பி, கனகராஜின் குலைகளையும் வழியில் ஏற்றிக்கொண்டு போனது. கனகராஜ் பாயசக் கிண்ணத்தோடு பாதை நடுவே நின்று பார்த்தார். நாக்கு சும்மா இருக்குமா?

“ஏண்ணே, கிராண்டுல உங்க பேரு இருக்கு. இவ்வளவு பாடுபட்டுப் போட்ட ரோட்டுல உங்க பேரு இல்லையே?”

“ரோடு சர்க்காரோடது,” என்றார் செல்லப்பன், வாசக்காலில் மஞ்சள் தடவிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே. “பாலத்துச் சூராட்டுல இருக்கு. ராசுகிட்ட கேளு, எடுத்துக் காட்டுவா. கையை நல்லாக் கழுவிட்டுத் தொடு.”