மூலையில் வந்த மஞ்சள் கட்டம்

2009-ம் வருஷம், சித்திரை வெயில் கொளுத்திய ஒரு சனிக்கிழமை. தக்கலையில், பத்மநாபபுரம் போகிற சாலையை ஒட்டி இருந்த எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. என் கணவர் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் வேலை பார்த்த இடத்திலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். உடல் வந்தது, அடக்கம் நடந்தது, சபையார் வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போக ஆரம்பித்திருந்தேன். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது.

அவருக்கு ஒரு குணம் உண்டு. செய்ததைச் சொல்ல மாட்டார். லீவுக்கு வந்து திரும்பிப் போன பிறகு பார்த்தால் குழாய் ஒழுகுவது நின்றிருக்கும், பீரோ கதவு சத்தம் போடாமல் திறக்கும். நாமாகக் கண்டுபிடித்து போனில் கேட்டால் சிரிப்பார். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் நெட்டில் பேசுவது பெரிய பாடு. முகம் அப்படியே உறைந்து நிற்கும், குரல் விட்டுவிட்டு வரும். மகள் சலித்துப்போய் ஓடிவிடுவாள். அதனால் கடைசி லீவில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அங்கே அறையில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து அவளுக்குக் கதை சொல்லிப் பதிவு செய்வார். எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து அடுத்த லீவுக்குக் கொண்டு வருவார். கடைசியாகப் போனில் பேசியபோதுகூட, "குட்டிக்கு ஒரு மழக்காலம் முழுக்கக் கேக்க உள்ள கத சொல்லி வச்சிருக்கேன், வரும்போ கொண்டு வாறேன்" என்றார். அடுத்த லீவு வரவே இல்லை.

அந்த டிஸ்க்கை அன்று கொண்டுவந்தவர் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். அண்ணன் மனைவி என்ற முறையில் என்னை மைனி என்றுதான் கூப்பிடுவார். அறையைக் காலி செய்த அவசரத்தில் டிஸ்க் கீழே விழுந்துவிட்டதாம். அங்கேயே ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறார். டக் டக் என்று சத்தம் போட்டு, வெகுநேரம் கழித்துத்தான் திறந்ததாம்.

"இது இனி எத்தன தடவ தொறக்கும்னு தெரியாது மைனி. தொறந்த உடனே எல்லாத்தையும் காப்பி செய்துரணும். இடையில நிறுத்தப்பிடாது."

எங்கள் கம்ப்யூட்டர் ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்டதை வாங்கியது. மர மேசையின் அடித்தட்டில், சுவரோடு ஒட்டிக் கிடக்கும். பென்டிரைவ் சொருகுகிற இடம் முன்னால் இரண்டு இருந்தன. அதில்தான் சொருகினோம். டக், டக். சத்தம் நின்று டிஸ்க் திறந்துகொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதே நேரம் திரையின் மூலையில் ஒரு மஞ்சள் கட்டம் எட்டிப்பார்த்தது. இந்தக் கருவி இதைவிட வேகமாக வேலை செய்யும், வேகமான போர்ட்டில் சொருகவும் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. இது என்ன என்று கேட்டேன். பழைய கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் சொல்லும் என்றார் நண்பர். எனக்கும் அது புதிது வாங்கு என்று நச்சரிப்பதாகத்தான் பட்டது. நம்மிடம் இல்லாததைச் சொல்லி என்ன பிரயோஜனம்? ஓரத்தில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கி மூடினேன்.

உள்ளே இருந்த ஃபோல்டர்களுக்கெல்லாம் பெயருக்குப் பதில் வெறும் எண்கள். எதில் கதை இருக்கிறது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் பயம். மொத்தத்தையும் காப்பி போட்டோம். மீதி நேரம் பத்து மணி நேரம் என்று காட்டியது. மதியம் கரண்ட் போகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பத்து மணி நேரம் தொடர்ந்து கரண்ட் இருக்கிற நாளே அப்போது கிடையாது. நிறுத்திவிட்டுப் பிறகு போடலாம் என்றால், பிறகு திறக்குமா என்று யார் சொல்வது?

அப்பாவின் கதை வருகிறது என்று மகளிடம் சொல்லித் தொலைத்திருந்தேன். அவள் ஞாயிற்றுக்கிழமை ஃபிராக்கை எடுத்துப் போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கதை எப்போ, எப்போ என்று கேட்டுக் கேட்டு அங்கேயே தூங்கிப்போனாள். காப்பி ஆவதைக் காட்டும் அந்தப் பச்சைக் கோடு நகர்வதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. பக்கத்தில் ஆரல்வாய்மொழியில் கரண்ட் எடுக்கிற அத்தனை காற்றாடிகளும் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் யு.பி.எஸ். கத்தியது. அது தாங்குகிற சில நிமிஷங்களும் முடிந்து திரை கறுத்தது. நாலு மணிக்குக் கரண்ட் வந்ததும் மறுபடி போட்டோம். டக், டக், டக். கழற்றி ஆற வைத்துப் போட்டோம். ஜெபம் பண்ணிவிட்டுப் போட்டோம். அந்தச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அந்த மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டு அழுதார். அவருக்கு ஆறுதல் சொல்ல என்னால் முடியவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். உள்ளே இருக்கும் தகடே கீறிப்போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கரண்ட் போவதற்கு முன் காப்பியாகி எங்களுக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம் சினிமா, பாட்டு, ஏ.சி. மெஷின்களின் படங்கள், பிறகு ஒரே ஒரு வீடியோ. அரை நிமிஷம்கூட வராது. இஸ்திரி போட்ட சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கேமராவைச் சரி செய்கிறார். "மக்ளே, கத தொடங்கட்டா?" என்கிறார். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். எழுந்து வந்து கேமராவை அணைக்கிறார். அவ்வளவுதான்.

"ம், தொடங்கு" என்றாள் மகள், திரையைப் பார்த்து. சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

ஆறேழு மாதம் கழித்துக் கம்ப்யூட்டர் தானாக அணைய ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். மேசைக்கு அடியிலிருந்து அதை வெளியே இழுத்துத் திருப்பி, தூசியைத் தட்டினார்.

"டீச்சர், பின்னால ஃபாஸ்ட் கார்டு தனியா போட்டிருக்கே, யாரு போட்டது? ரெண்டு ஓட்டையும் சும்மா கிடக்கு."

எனக்குப் புரியவில்லை. என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து அவர் கம்ப்யூட்டரைப் போட்டு, டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யு.எஸ்.பி. என்று இருந்த இடத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். அதில் 'என்ஹான்ஸ்டு' என்று ஒரு சொல் இருந்தது. அது இருந்தால் அந்த மெஷினில் வேகமான போர்ட் இருக்கிறது என்று அர்த்தமாம். முன்னால் உள்ளவை பழைய, மெதுவான போர்ட்கள். பின்னால் உள்ள இரண்டும் வேகமானவை. முன்னால் பத்து மணி நேரம் பிடிக்கிற காப்பி பின்னால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன்.

"அர மணிக்கூரு. கூடிப்போனா முக்கா."

அந்த மஞ்சள் கட்டத்தைப் பற்றியும் கேட்டேன். மூடாமல் அதன் மேலேயே கிளிக் செய்திருந்தால் எந்த போர்ட்டில் சொருகலாம் என்று அதுவே காட்டியிருக்கும் என்றார். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. டீ குடித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் அது ஞாபகம் வந்தது. கடைசி லீவு முடிய நாலைந்து நாள் இருந்தபோது, ஒரு மத்தியானம், என் கணவர் அந்த மேசைக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரோடு படுத்துக் கிடந்தார். முழங்கால் மட்டும் வெளியே தெரிந்தது. இருக்கிற நாலு நாளும் இந்தப் பெட்டியோடுதானா என்று நான் சத்தம் போட்டேன். தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்து, சிரித்துக்கொண்டே டீ கேட்டார். என்ன செய்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தான் சொல்லப்போகும் கதைகள் வந்து இறங்குவதற்கு அவரே வழி செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கர்த்தருடைய சித்தம் என்று எல்லாரும் சொன்னார்கள். என் கணவர் இறந்ததற்கு அப்படிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இதற்கு என்னால் முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அந்த வீடியோவைப் போடச் சொல்லிக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். நான்தான் எந்தப் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும், யாருக்கும் தெரியாமல் டிவைஸ் மேனேஜரைத் திறந்து அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் அன்றைய வேலை ஓடாது. இல்லாவிட்டால் ஏதோ ஒரு நிம்மதி. எங்கள் கம்ப்யூட்டரிலும் அது இல்லாமல் இருந்திருந்தால், கரண்டைத் திட்டிவிட்டு என்னால் தூங்கியிருக்க முடியும்.