ஃபேரான சம்மனசு

புது மல் துணியின் கஞ்சி வாசனையோடு தையல் மிஷின் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு துணிக்கடை வாசலில் மிஷின் போட்டிருந்த அப்பா, ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கிறிஸ்மஸுக்கு எனக்கு வெள்ளை அங்கி தைத்தார். பள்ளிக்கூட நாடகத்தில் மாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்ல வரும் தேவதூதன், எங்கள் பேச்சில் 'சம்மனசு', நான்தான் என்று முடிவாகி, வசனம் முழுவதையும் தூக்கத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

'ஃபேர்' என்ற இங்கிலீஷ் சொல் அதுவரை எனக்கு ஒரு நோட்டின் பெயர். 'ரஃப் நோட்டில்' கிறுக்கியதை அடித்தல் திருத்தல் இல்லாமல் 'ஃபேர் நோட்டில்' எழுதவேண்டும். அந்த வருஷம்தான் இங்கிலீஷ் டீச்சர் அதற்கு வெளுப்பு என்றும், பாரபட்சம் பார்க்காத நியாயம் என்றும் அர்த்தம் உண்டென்று போர்டில் எழுதிப்போட்டார். நாடகத்தை நடத்தியவரும் அவரே. கடைசி ஒத்திகையில் என்னையும் ஒரு பெரிய கடைக்காரர் மகளான ரோஸியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "சம்மனசுன்னா கொஞ்சம் ஃபேரா இருக்கணும். நீ திரைக்குப் பின்னாடி நின்னு வசனத்தச் சொல்லு, அவ வாயசைக்கட்டும்" என்றார். நியாயம் என்று எழுதிப்போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

அங்கியைப் பிரித்து ரோஸியின் அளவுக்குத் தைத்துத் தரச் சொல்லி அப்பாவை வரவழைத்தார்கள். அவர் சண்டை போடுவார் என்று நம்பினேன். "சரிங்க டீச்சர், நாளைக்கே குடுத்தர்றேனுங்க" என்றார். வீட்டுக்கு வந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தையலைப் பிரித்தார். "உடு சாமி, கருப்பா பொறந்துட்டு இதுக்கெல்லாம் ஆசப்படலாமா?" என்று எனக்குச் சமாதானம் வேறு. டீச்சரை அன்றைக்கே வெறுத்துவிட்டேன். அப்பாவை வெறுக்கத் தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நாடகத்தன்று ரோஸி மேடையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். திரைக்குப் பின்னால் நான் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் தொடையில் கிள்ளினார், அப்போதும் திறக்கவில்லை. பாவம், ரோஸி அழுதுகொண்டே இறங்கிப்போனாள். அப்பா கூட்டத்திலிருந்து எழுந்து வந்து, எல்லோர் முன்னாலும் டீச்சரைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கிள்ளியதைவிட அந்தக் கும்பிடுதான் எரிந்தது.

அந்த மேடையை இடித்துவிட்டு இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். அப்பாவும் இல்லை, டீச்சரும் இல்லை. போன மாதம் என் பேரனுக்குப் பெண் பார்த்தோம். கைபேசியில் வந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்த என் மகன் ஒன்றைக் காட்டி, "நல்லா படிச்ச பொண்ணுதாம்மா, ஆனா ஃபேரா இல்ல, உட்டுருலாம்" என்றான். அவனிடம் இந்தக் கதையை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. வெயிலில் விளையாடாதே, கருத்துப்போவாய் என்று மட்டும், அவன் சின்னப் பையனாக இருந்தபோது, தினமும் சொல்லியிருக்கிறேன்.