ஹீட்டருக்கு வாங்கிய ரிலே

பச்சைத் தேயிலை விலை விழுந்து எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியை மூடிய பிறகு, அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்த என் கணவர் கோத்தகிரி கெஸ்ட் ஹவுஸ்களுக்கு ஒயரிங் வேலைக்குப் போனார். போனைத் தொட்டால் விளக்கு எரிகிற வித்தையை அங்கேதான் கற்றுக்கொண்டார். நான் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குக் கொழுந்து பறிக்கப் போனேன். பகல் முழுக்க, தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கட்டிக்கொடுத்த லயத்து வீட்டில் மாமா, இவருடைய அப்பா, தனியாகக் கிடப்பார். வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. நாங்கள் திரும்பும்போது குளிரில் அவர் உதடு கறுத்திருக்கும். இன்னொரு பனிக்காலத்தைத் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கெஸ்ட் ஹவுஸில் கழித்துப்போட்ட ஹீட்டர் ஒன்றை இவர் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டிலிலிருந்து மாமாவுக்கு சுவிட்ச் எட்டாது. நாள் முழுக்க எரியவிட்டுப் போகவும் பயம். அதனால் கொஞ்ச நேரம் எரிய, கொஞ்ச நேரம் அணைய, நேரம் பார்க்கிற சின்ன போர்டு ஒன்று. அது சொன்னபடி ஹீட்டரைத் தட்டிவிட ஒரு ரிலே.

அந்த ரிலேவைத் தேர்ந்தெடுக்க அவர் பண்ணிய அலப்பறை இருக்கிறதே, என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட மனுஷன் அவ்வளவு யோசிக்கவில்லை. கடைக்காரர் கொடுத்த சின்ன நீல ரிலேக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் லைட்டுக்குத்தான் சரி. ஹீட்டர் இழுக்கிற கரண்டுக்கு உள்ளாற ஒட்டிக்கும். அப்புறம் அணையவே அணையாது."

"ஏங்க, வாங்கப்போறது ஒரு சுவிட்சு. ஃபேக்டரியையே விலை பேசுற மாதிரி நிக்கிறீங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்கப்பா உசுரு இதுலதான் புள்ள இருக்கு" என்றார். முப்பது ஆம்பியர் தாங்குகிற பெரிய ரிலேவாகப் பார்த்து வாங்கினார்.

ரிலே நல்ல ரிலேதான். வம்பு அதை மாட்டியதில் வந்தது. ஹீட்டர் ஒயரை ரிலேயின் ஒரு பக்கம் கட்டினால், போர்டு செத்துப்போகும்போது ஹீட்டரும் நின்றுவிடும். மறுபக்கம் கட்டினால், போர்டு செத்தாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். ஃபேக்டரியில் இலை வாட்டும் தொட்டிக்கு விசிறி ஓடும். அது நின்றால் விடிவதற்குள் மொத்த இலையும் அவிந்துபோகும். எது செத்தாலும் விசிறி நிற்கக்கூடாது என்றே அவர் காலமெல்லாம் கட்டிப் பழகியிருந்தார். வீட்டிலும் கை அதே பக்கம் கட்டிவிட்டது.

கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. மூடுபனி வீட்டுக்குள்ளேயே புகுந்த ஒரு நாள் போர்டு ஈரம் கோத்துச் செத்தது. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. மாமா தூங்கிக்கொண்டிருந்தார். கம்பளிக்கு வெளியே கிடந்த இடது கால் வெந்து கொப்பளித்திருந்தது. உணர்ச்சி செத்த கால்; அவருக்குத் தெரியவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அழைத்து வந்த பிறகுதான் இவர் ரிலேவைத் திறந்து பார்த்தார்.

"விசிறிக்குக் கட்டுற மாதிரி கட்டியிருக்கேன் புள்ள."

என்ன சனியன் பிடித்த பிழைப்பு இது என்று வயிறெரிந்தது. வாட்ட இலையும் இல்லை, ஓட்ட விசிறியும் இல்லை, அந்தப் பழக்கம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. ஹீட்டரைக் கழற்றி வெளியே வைத்தார்.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது மாமா கூப்பிட்டார்.

"தாயி, அன்னைக்கு மாதிரி நாள் பூரா எரியவிடச் சொல்லு அவன்கிட்ட. சிலோன்லருந்து இந்த மலைக்கு வந்து இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் குளிராமத் தூங்கினேன்."

இவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்துவிட்டது.