அம்மா யார் வண்டியில் போவாள்

அக்கா வேலூரிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். அவளுடைய கார் தெருமுனையில் திரும்பும்போதே அம்மா தானாக எழுந்து புடவையைச் சரிசெய்துகொள்வாள். மற்ற நாளெல்லாம் முட்டி வலிக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை என்று என்னிடம் கை நீட்டுகிற அதே அம்மாதான். அக்கா ஒரு பை நிறைய ஆப்பிள் கொண்டுவந்து வைப்பாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவாள். ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பிவிடுவாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு எங்கள் ஆம்பூர் வீட்டில் வேறு பேச்சே இருக்காது. பெரியவ வாங்கியாந்த ஆப்பிள், பெரியவ சொன்ன மாத்திரை, பெரியவ வண்டியில குளுகுளுன்னு இருக்குது.

அப்பா போன பிறகு அம்மா இருந்தது என்னோடு. விடிந்ததும் வெந்நீர் போட்டு, சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்து, அவளுக்கென்று உப்பு கம்மியாக ஒரு குழம்பு தனியாக வைத்து, பிறகு ஓட்டமும் நடையுமாகப் போய் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் முதல் மணிக்கு நிற்பேன். அந்த ஆப்பிளைத் தோல் சீவி, அவள் பல்லுக்கு ஏற்ற மாதிரி மெல்லிசாக நறுக்கிக் கொடுப்பவளும் நானே. நறுக்கியவளுக்குப் பேர் இல்லை. வாங்கி வந்தவளுக்குத்தான் பேர். வயிறு எரியாமல் பின்னே என்ன செய்யும்?

நாங்களும் கார் வாங்கினோம். திருப்பத்தூரில் ஒருவர் விற்ற பழைய வெள்ளைக் கார். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த என் கணவர், மழைக்கும் வெயிலுக்கும் ஆகும் என்று ஊரெல்லாம் காரணம் சொன்னார். எனக்கு ஒரே காரணம்தான். அம்மாவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேலூர் போய், அக்கா வீட்டு வாசலில் இறக்க வேண்டும். அம்மா இறங்கி, இது சின்னவ வண்டி என்று சொல்ல வேண்டும். கார் வந்த அன்று அம்மா அதைச் சுற்றிப் பார்த்து, “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்றாள். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்து, “ஏசி இல்லியா?” என்றாள்.

அந்த வருஷம் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. வேலூரில் ஒரு கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் என்று முடிவாகி, திங்கட்கிழமைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். காலையில் போனால் சாயங்காலமே திரும்பிவிடலாம். ஆஹா, நம் வண்டிக்கு நேரம் வந்தது என்று நான் மனதுக்குள் குதித்தேன். அதே நேரம் பார்த்து வண்டியில் சிக்னல் போடுகிற கம்பி ஆட ஆரம்பித்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு கம்பிதான் எல்லாவற்றுக்கும். மேலே கீழே தள்ளினால் இடது வலது சிக்னல், முனையைத் திருகினால் ஹெட்லைட். தள்ளினால் நிற்காமல் தொங்கியது. லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டது.

எங்கள் ஊரில் அறுந்த செருப்பு, உடைந்த பக்கெட், பிள்ளைகளின் பொம்மை, பைபிளின் அட்டை எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் சொல்யூஷன். ஷூவுக்கு அடி ஒட்டுகிற பசை. கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் ஏதாவது ஒரு பழைய டப்பாவில் கொஞ்சம் இருக்காமல் போகாது. என் கணவர் ஒரு தோல் துண்டைச் சன்னமாகச் சீவி, கம்பியின் அடியில் ஆப்பு மாதிரி செருகி, சொல்யூஷனைத் தாராளமாக விட்டார். “இனிமே ஜென்மத்துக்கும் ஆடாது பாரு” என்றார்.

சொன்னபடியே ஆடவில்லை. பசை உள்ளே இறங்கி, மறுநாள் வெயிலில் இளகி, சாயங்காலம் இறுகி, கம்பி பாதியில் நின்றுவிட்டது. சிக்னலும் இல்லை, லைட்டும் இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்ததில் கம்பியே கையோடு வந்துவிட்டது.

“ஆடல இல்ல?” என்றேன்.

அன்றைக்குப் பார்த்து அக்கா போன் பண்ணினாள்.

“திங்கக்கெழமை காலையில எங்க வண்டி வந்துடும். அம்மாவ ரெடி பண்ணி வை.”

“வேணாங்க்கா. நாங்களே இட்டுக்கினு வர்றோம்.”

“எதுக்குடி கஷ்டப்படற? ஏசி வண்டின்னா கண்ணுக்குத் தூசு படாது. ரோடு பூரா தோண்டிப் போட்டிருக்கான். திரும்பி வர்றப்ப இருட்டிடும். மொதல்ல உங்க வண்டியில லைட்டு எரியுதா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குள் நடந்தது வேலூருக்கு எப்படிப் போனது? திரும்பிப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எரியும்” என்றேன். “பட்டப்பகல் மாதிரி எரியும்.”

மெக்கானிக்கிடம் போனால், கையில் இரண்டு வண்டி இருக்கிறது, விட்டுவிட்டுப் போனால் புதன்கிழமை பார்க்கலாம் என்றான். புதன்கிழமை எனக்கு எதற்கு? சனிக்கிழமை என் கணவரை வேலூருக்குப் பஸ் ஏற்றி, புது சுவிட்ச் வாங்கிவரச் சொன்னேன். உடைந்ததை மாதிரிக்குக் கையில் கொடுத்தனுப்பினேன். அட்டைப் பெட்டியோடு வந்தவர், “இது இன்னா பெரிய வேலை? ஒரு நட்டு, நாலு ஸ்க்ரூ” என்றார். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம். சொல்யூஷன் விட்ட கையாயிற்றே! ஆனால் அந்தக் கையை விட்டால் எனக்கு வேறு கை இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் பிரியாணி கூடச் சாப்பிடாமல் ஆரம்பித்தோம். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். ஸ்டியரிங் நடுவில் இருந்த ஹாரன் மூடியை நெம்பி எடுத்தார். உள்ளே இருந்த பெரிய நட்டையும் கழற்றிவிட்டார். ஸ்டியரிங் மட்டும் வரவில்லை. அவர் இழுத்தார், தட்டினார், ஊதினார். எதற்கு ஊதினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கடைசியில் என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, “ரெண்டு பக்கமும் புடிச்சிக்க. ஆட்டி ஆட்டி இழு. நான் நடுவுல தட்டறேன்” என்றார்.

அம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தெரிந்தும் தெரியாமலும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எதுக்கும்மா இந்தப் பேஜாரு? பெரியவளுக்கு ஒரு போன் போட்டா வண்டி வந்துடப்போவுது” என்றாள்.

அவ்வளவுதான். எங்கிருந்துதான் அத்தனை பலம் வந்ததோ, இழுத்தேன் ஒரு இழு. ஸ்டியரிங் பிடுங்கிக்கொண்டு வந்து என் தாடையில் அடித்தது. கண்ணில் பூச்சி பறந்தது.

“ஐயோ, அடி பட்டுச்சா?” என்று கேட்டுக்கொண்டே அவர் ஸ்டியரிங்கை வாங்கி, அதற்கு அடி பட்டதா என்று திருப்பிப் பார்த்தார். ஆண்பிள்ளைகளை என்ன சொல்ல!

அதற்கப்புறம் வேலை ஓடியது. ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றினார். பழைய சுவிட்சிலிருந்து வயர்க்கொத்தைப் பிடுங்கினார். பசை காய்ந்து நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வந்தது. நான் டார்ச் பிடித்தேன், ஸ்க்ரூக்களைத் தட்டில் வாங்கி வைத்தேன், தாடைக்கு நடுநடுவே ஈரத்துணி வைத்துக்கொண்டேன். புதியதைப் பொருத்தி, வயரைச் செருகி, பேட்டரியைக் கொடுத்ததும் அவர் சிக்னலைப் போட்டார். நான் முன்னால் ஓடிப் பார்த்தேன், பின்னால் ஓடிப் பார்த்தேன். இடது என்றால் இடது, வலது என்றால் வலது. ஹெட்லைட்டைப் போட்டதும் எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. என் கணவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தெருவாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு குறை. கழற்றும்போது அடையாளம் வைக்காததால் ஸ்டியரிங் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. வண்டி நேராகப் போகும்போது அது மட்டும் இடது பக்கம் திரும்பின மாதிரி இருக்கும். மறுபடி கழற்றுகிறேன் என்றார். என் தாடையைத் தொட்டுக் காட்டி, வேண்டவே வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் அம்மாவைப் பின் சீட்டில் ஏற்றி, கண்ணாடியை மூடி, வேலூர் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனையும். பார்த்தாள். அம்மாவைக் கைபிடித்து இறக்கிவிட்டு, வண்டிக்குள் எட்டி ஒரு பார்வை விட்டாள்.

“ஸ்டியரிங் இன்னாடி கோணலா இருக்குது?”

“வண்டி நேராத்தான் போவுது” என்றேன்.

உள்ளே போனதும் எல்லாம் அக்கா ராஜ்ஜியம். நர்ஸெல்லாம் அவளுக்குத் தெரிந்தவர்கள். அம்மாவுக்குப் பச்சை அங்கி மாட்டிவிட்டது அவள். உள்ளே அழைத்துப் போகும்வரை கூட நின்றவளும் அவள். ஒருத்தர்தான் உடன் இருக்கலாம் என்று நர்ஸ் சொன்னபோது, யார் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் வராந்தாவில் ஃபிளாஸ்கையும் சாப்பாட்டுக் கூடையையும் காவல் காத்தேன். கூடையில் இருந்த கஞ்சியை நான்தான் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். ஊட்டியவள் அக்கா. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, “நல்லா இருக்குதும்மா பெரியவளே” என்றாளாம். அக்கா வெளியே வந்து என்னிடமே சொன்னாள்! சிரித்துக்கொண்டு வேறு சொன்னாள்.

பரவாயில்லை, வீட்டுக்கு என் வண்டியில்தானே வரப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

சாயங்காலம் அம்மாவை விட்டார்கள். ஒரு கண்ணில் கட்டு. இன்னொன்றில் புரை. போதாக்குறைக்கு ஏதோ மாத்திரை கொடுத்ததில் தூக்கக் கலக்கம். அக்காதான் தோளில் தாங்கி நடத்திக்கொண்டு வந்து, எங்கள் வண்டியின் பின் சீட்டில் உட்காரவைத்து, தலைக்கு ஒரு துண்டை மடித்து வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு அவள் தன் வண்டிக்குப் போனாள். நான் அந்தப் பக்கமாகச் சுற்றி ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கணவர் ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்தார்.

நால்வழிச்சாலை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பள்ளிகொண்டா தாண்டியதும் ரோட்டை இடதுபக்கம் ஒடித்துவிடுவார்கள், கொஞ்ச தூரத்தில் வலதுபக்கம் சேர்ப்பார்கள். இருட்ட ஆரம்பித்திருந்தது. அவர் ஹெட்லைட்டைப் போட்டு, ஒவ்வொரு திருப்பத்துக்கும் புது சுவிட்சைப் பெருமையாகத் தட்டித் தட்டி சிக்னல் போட்டார். டிக் டிக் டிக் என்று சத்தம் வந்தது.

அம்மா தலையை லேசாகத் தூக்கினாள்.

“சத்தம் கேக்குது. பெரியவளே, உன் வண்டிதானா?” என்றாள். “நல்லதாப் போச்சு. சின்னவ வண்டியில இதெல்லாம் வேலை செய்யாது.”

எனக்கு உச்சியில் அடித்த மாதிரி இருந்தது. தாடை வீங்க வீங்கச் செய்தது இந்த வார்த்தைக்குத்தானா? வாயைத் திறந்தேன். நன்றாகக் கேட்டுவிடுவது என்றுதான் திறந்தேன். அதற்குள் அம்மா இருட்டில் கையைத் துழாவி என் முட்டியின் மேல் வைத்தாள்.

“என்னை வீட்ல விட்டுட்டு ஒடனே கெளம்பிடாதம்மா. சின்னவ வர்ற வரைக்கும் இரு. சொட்டு மருந்து அவதான் ஊத்தணும். நீ ஊத்தினா எனக்கு பயம்மா இருக்கும்.”

முன்னால் என் கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போனார். சொல்லாதீர்கள் என்று தலையை ஆட்டினேன்.

“அவ வாயி அப்படி. திட்டிக்கினேதான் செய்வா. ஆனா அவ கை பட்டா எனக்கு எங்கயும் வலிக்காது. உங்கிட்ட எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன். நீ வர்றப்பல்லாம் இதத்தானே பேசறேன்.”

எத்தனையோ வாட்டியாம்! இத்தனை வருஷமாக என்னைப் பற்றிய நல்ல வார்த்தையெல்லாம் அக்காவின் காதுக்கே போயிருக்கிறது. ஒன்றே ஒன்று, ஒரே ஒரு தடவை, பக்கத்து அறையில் சோறு வடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்ததில்லை. அவளும் கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வண்டி ஏறிப் போயிருக்கிறாள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. முன்னைவிட ஜாஸ்தியாக எரிந்தது.

வண்டி மேடுபள்ளத்தில் குலுங்கியது. அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். தூங்கிவிட்டாளோ என்று பயமாக இருந்தது. நான்தானம்மா என்று சொன்னால் இதோடு நின்றுவிடும் என்றும் பயமாக இருந்தது. அவள் காதருகே குனிந்து, “ம்? அப்புறம்?” என்றேன், அக்காவின் குரலில்.